இரநூறு கும்புடு

ஒரு சமாச்சாரம் சொல்றேன், வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. இருங்கண்ணே, எங்க எழுந்துக்கிறீங்க? எதுர்ல கரும்பு டிராக்டரு குறுக்க நிக்குது. அது நவுராம உங்க டேங்கரு எங்க போவும்? ஒக்காருங்க, பன்னீர் சோடா குடிங்க. எங்க அத்தா சிராஜுதீன் கடை. நான் அவரு பொண்ணு நாஸியா. சிரிப்பு வரும்... வரும். மொதல்ல அழுவ வேண்டியத அழுதுக்கலாம்.

நாத்தம் வருதா? வர்லியா? சளி புடிச்சிருக்கும், பாவம். யாரோ ஒரு புண்ணியவான், ஊரே கண்ணசர்ற மத்தியானமாப் பாத்து, கம்பெனிக் கழிவக் கொணாந்து ஏரி வாய்க்கால்ல தெறந்து வுட்டுட்டுப் போறாரு. ஐயய்ய, உங்களச் சொல்வனா? நீங்க குடிதண்ணி தான ஏத்திக்கினு வர்றீங்க? வால்வாண்ட நொர தள்ளுது... ரொம்ப சுத்தமான தண்ணி போல!

பச்சையப்பன் மாமா நாத்தங்காலு கருகிப் போச்சுண்ணே. ரெண்டாவது வாட்டி. இதுவும் போச்சுன்னா நெலத்த வித்துட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போறேங்கிறாரு. எந்தக் கம்பெனியோ, கழிவு அனுப்புற கம்பெனியாவே இருந்தாலும் இருக்கும்.

சிரிப்பா? அதுக்குத்தான் வர்றேன்.

தமிழ்க்குமரன் அண்ணன் இருக்காரே, வாட்ஸப்புல 'ஏரி காப்போம்'னு குரூப்பு ஆரம்பிச்சாரு. அவரு கொரல்லயே கேளுங்க: "உற...வு...களே! ஞாயித்துக்கெழம திரண்டு வாரீர்!" இரநூறு பேரு கும்புடு போட்டாங்க. கும்புடு, ரோசாப்பூ, முறுக்குன கையி, ஒருத்தரு பொறந்தநாள் கேக்கு. ஞாயித்துக்கெழம ஏரிக்கரையில யாரு? அண்ணனு, மைக் செட்டு, ஒரு நாயி. நாயி குரூப்புல இல்ல, அதான் வந்துச்சு.

ஏன் போவலன்னு மகாலட்சுமி அத்தையக் கேட்டேன். மூக்காலயே பேசும்: "எனக்கு யார்றீ சொன்னா? பொதுவாப் போட்டா அது அழைப்பா? வூட்டுக்கு வந்து, மொற சொல்லி, 'அத்தே, நீ வந்தாத்தான்'னு கூப்ட்டா வர மாட்டனா?" கேட்டீங்களா! ஏரி செத்துக் கெடக்குது, இவங்களுக்கு வெத்தல பாக்கு வைக்கணுமாம்.

வச்சனே! இன்னிக்கி உங்க வண்டி திருப்பத்துல... ச்சே, யாரோட வண்டியோ தெரிஞ்சதும் வாட்ஸப்புல வாய்ஸ் போட்டேன், எனக்குத்தான் யாரு கொரலும் வருமே. மகாலட்சுமி அத்தைக்கு, அவங்க நாத்தனா செல்வகுமாரி கொரல்ல: "அண்ணி, நாஸியா போன்லருந்து பேசுறேன். வாய்க்காலாண்ட போறேன், நீங்க இல்லாம கையி காலு ஓடல." செல்வகுமாரி அத்தைக்கு அதே சேதி, மகாலட்சுமி அத்தை மாரி மூக்கால. மஞ்சத்தண்ணி விசேஷத்துல பத்திரிகையில பேரு வுட்டுப் போச்சுன்னு ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, தெரியுமா?

உருகிட்டாங்கண்ணே! ஒருத்தி ஓரகத்திக்கு போன், ஒருத்தி சம்பந்திக்கு. சம்பந்தி கொழுந்தனுக்கு: "அவங்க வூட்ல எல்லாம் கெளம்பிட்டாங்களாம், நாம போவலன்னா நாளைக்கி எந்த மூஞ்ச வச்சிக்கினு அவங்க வாசப்படி மெதிக்கிறது?" ஏரிய யாரு கேட்டா? மூஞ்சிதாண்ணே முக்கியம்.

டிராக்டரா? தமிழ்க்குமரன் அண்ணனோடதுதான். ரிப்பேரா? யாரு சொன்னா? சும்மா கும்முனு ஓடும்.

இன்னாண்ணே, சோடாவ வச்சிட்டீங்க? மூஞ்சி ஏன் இப்பிடி... திரும்பிப் பாக்காதீங்கன்னு சொல்ல வந்தேன், பாத்துட்டீங்க. ஆமா, டேங்கருக்குப் பின்னாடி நிக்கிறது அவங்கதான். கருகுன நாத்தக் கையில புடிச்சிக்கினு முன்னாடி வர்றவரு பச்சையப்பன் மாமா. சிரிக்கல, பாருங்க. பின்னால ரெண்டு அத்தையும் கட்டிப் புடிச்சி அழுவுதுங்க. யாரு யாரக் கூப்ட்டாங்கன்னு இப்ப கண்டுபுடிச்சிடுவாங்க, எனக்கு இருக்குது!

போன எடுத்து இன்னா தட்டுறீங்க? டிரைவர் குரூப்புலயா? ஐயோ, அதுல போடாதீங்கண்ணே, கும்புடுதான் வரும். ஓனரு நம்பருக்கே அடிங்க. மொற சொல்லி, தனியாக் கூப்டுங்க.