கோபக்கார ஆயர்

ஆயரின் அடக்கம் முடிந்து திரும்பிய கூட்டம் தஞ்சாவூரில் கும்பகோணம் பேருந்தில் நெருக்கியடித்து ஏறியது. எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவள் அண்ணியும் உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்ததுமே அண்ணி ஆரம்பித்தார்.

"பிஷப் ஆண்டவரு பொல்லாத கோவக்காரருன்னு ஒருத்தனாவது மைக்குல சொன்னானா?"

"மெதுவா பேசுங்க அண்ணி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். சாந்த சொரூபியாம், அதிர்ந்தே பேசமாட்டாராம்! எங்க அம்மா செத்தப்ப, பெட்டிய பெரிய தெரு வழியா கொண்டுபோகக் கூடாது, வாய்க்கால் கரையோட தூக்கிட்டுப் போங்கன்னு மறிச்சாங்க. யாரு? எங்ககூட அதே கோயில்ல பூசை பாக்குறவங்க."

"அடப்பாவிங்களா!"

"திருவிழாப் பூசைக்கு வந்திருந்த மனுஷன், போட்ட அங்கியோட வெயில்ல இறங்கி வந்தாரு. 'வழிய விடுறீங்களா, இல்ல கோயிலப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போகவா'ன்னு கத்துனாரு பாரு, தொண்டையே கட்டிப்போச்சு. பெட்டிக்கு முன்னால அவரே நடந்தாரு. அன்னிக்கு மறிச்சவன்தான் இன்னிக்கு மைக்கப் புடிச்சுக்கிட்டு சாந்தம், சாந்தம்னு அழுவுறான்."

வண்டி பாபநாசத்தைத் தாண்டியது. நாத்தனார் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இருந்தாலும் செத்தவங்களப் பத்தி நல்ல விதமாத்தானே அண்ணி பேசணும்?"

அண்ணி அவரை முழுதாகத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வேற என்னடி பேசிக்கிட்டிருக்கேன்? எங்க அம்மாவுக்காகக் கோவப்பட்ட ஒரே ஆளு அவருதான்."