ஞாயிற்றுக்கிழமை நகல்

இல்லை மச்சான், அந்த நாற்காலி வேண்டாம், அது நீலா உட்காருவது. இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள், காற்று வரும். டீயில் சர்க்கரை குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். உங்களுக்கு ஆகாது என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"டீ குடிக்க வரல, விரூபாட்சா. டிஸ்க்கைப் பத்திப் பேசு," என்கிறீர்கள். பேசத்தான் போகிறேன். கதகிலிருந்து இந்த மழையில் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். உங்கள் தங்கை நீலா வாசலில் வண்டிக்குள்ளேயே இருக்கிறாள், கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் பி.யு. கல்லூரியில் கணினி ஆசிரியர், எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். வரிசையாகச் சொன்னால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

துணி போட்டு மூடியிருக்கிறதே, அதுதான் கணினி. கல்யாணமான வருஷம் நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. அதில் என்னுடையது என்று இருந்தவை கேள்வித்தாள்கள் மட்டும். மீதியெல்லாம் நீலாவின் ஆறு வருஷ ஆராய்ச்சி. அறுபத்தோராயிரம் படங்கள், அத்தனையும் புழுக்கள். "என் தங்கச்சி ஈ டாக்டராகப் போறா" என்று விதைக்கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பீர்கள். ஆனால் நீங்கள் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை.

செத்த உடம்புக்கு முதலில் வருபவை ஈக்கள். அவை இட்ட முட்டை புழுவாகி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்தால், ஆள் எப்போது செத்தான் என்று சொல்லிவிடலாம். அதுதான் அவள் படிப்பு. கேவலமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று நல்ல படிப்பு என்றுதான் சொன்னேன். அதெல்லாம் பல்கலைக்கழகத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மொட்டைமாடி அறையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

முட்டைகூட நுழையாத லிங்காயத்து வீடு இது. இதன் தலைக்குமேல் நான்கு பிளாஸ்டிக் வாளிகள். அடியில் மரத்தூள், அதன்மேல் ஆட்டு ஈரல். ஈரல் முதலில் பளபளக்கும். பிறகு பச்சையாகும், பிறகு அதன் தோல் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். இதெல்லாம் முதல் வருஷத்தில் பார்த்தது. அதற்குப் பிறகு நான் மாடிக்குப் போனதில்லை. ஆனால் கீழே இந்தத் திரையில், நான் சோள ரொட்டியைப் பிய்க்கும்போது, அவள் படங்களைப் பெரிதாக்கி அளந்துகொண்டிருப்பாள். வெள்ளையாக, ஈரமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. இரண்டாம் வருஷம் நான் சோறு சாப்பிடுவதை விட்டேன்.

"என்னங்க, சோறு நகராது. தைரியமாச் சாப்பிடுங்க," என்று சிரிப்பாள். நான் கைகழுவிக்கொண்டே இருந்தால், "நீங்க போடுற சோப்புல ஒரு பஸ்ஸையே கழுவலாம்" என்பாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டு.

அவள் கையில் அந்த வாசனை இருக்கும், மச்சான். நாற்றம் என்று சொல்ல முடியாது. லேசாகத் தித்திக்கும், அதுதான் தாங்க முடியாதது. வகிட்டில் இருக்கும், தலையணையில் இருக்கும். காலையில் குளித்துவிட்டுக் கழுத்திலிருக்கும் இஷ்டலிங்கத்தை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினால் அங்கும் இருக்கும். மூன்றாம் வருஷம் என் படுக்கையை இந்தக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவள் ஒரு கொசுவலை மட்டும் கொண்டுவந்து கட்டினாள்.

இதைப் புகாராகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல இதெல்லாம் தேவைப்படுகிறது.

இவ்வளவையும் ஒரே கணினியில் வைத்திருப்பது ஆபத்து என்று சொன்னது நான்தான். இணையத்தில் ஏற்றினால் யாராவது திருடிவிடுவார்கள் என்றும் நான்தான் சொன்னேன். கேமரா அட்டையை வாராவாரம் அழித்துவிட்டு அவள் மறுபடி பயன்படுத்துவாள். ஆகவே முழுக் கணினியையும் அப்படியே ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுப்பது என்று முடிவு செய்தோம். சிஸ்டம் இமேஜ் என்பார்கள். கணினி செத்தால்கூட அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் இருந்தபடியே எழுப்பிவிடலாம். ஞாயிறு காலை, குளியலும் பூஜையும் முடிந்த பிறகு, பத்து மணிக்கு.

முதல் ஞாயிறே நகல் தோற்றது. நிஜமாகவே தோற்றது, அதை நீங்கள் நம்ப வேண்டும். வெளி டிஸ்க்கில் போதுமான இடம் இருந்தது. இருந்தும் இடம் போதாது என்று பிழை வந்தது. இரண்டாம் ஞாயிறும் அதேதான். நீலா கவலைப்பட்டு, தலைக்குக் குளித்துவிட்டு, இரண்டு டம்ளர் டீயோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாளிகளைத் தொடமாட்டாள். சீயக்காய் வாசனை மட்டும் இருந்தது.

"இடம் இருக்குல்ல? அப்புறம் ஏன் பொய் சொல்லுது?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"பொய் சொல்லல. வேற எங்கயோ இடம் இல்லன்னு சொல்லுது. எங்கன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்," என்றேன்.

மூன்று வாரம் தேடினோம். கடைசியில் கிடைத்தது. கணினி கண்விழிப்பதற்கென்று டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பகுதி உண்டு, கண்ணுக்குத் தெரியாது. அது நிரம்பியிருந்தது. நகலெடுக்கும் வேலைக்கு அங்கே கொஞ்சம் காலியிடம் வேண்டும். அது இல்லையென்றால் மற்ற இடத்தில் கடலளவு காலி இருந்தாலும் பயனில்லை. அதைப் பெரிதாக்கினேன். பச்சைக் குறி வந்தது. நீலா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "வாத்தியாருக்கு நிஜமாவே வேலை தெரியுது," என்றாள்.

அடுத்த ஞாயிறு நகல் சரியாக நடந்தது. அதற்கடுத்த ஞாயிறும் நடந்தது. அவள் வரவில்லை. நடக்கிற வேலைக்குப் பக்கத்தில் யார் வந்து உட்காருவார்கள்? மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்டது. ஞாயிறுகளிலும் வாளிகளைத் தொட ஆரம்பித்திருந்தாள்.

அந்த வாரம் கணினிக்குள் நகலெடுக்கும் நிரலை நானே நிறுத்தி வைத்தேன். ஒரு சின்னச் சோதனை, அவ்வளவுதான். எந்தக் கோப்பையும் தொடவில்லை. ஞாயிறு பத்து மணிக்குப் பிழை வந்தது, பத்தேகாலுக்கு நீலா டீயோடு வந்தாள்.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல, மச்சான். திங்கட்கிழமை அவள் பல்கலைக்கழகம் போன பிறகு நிரலைத் திரும்ப இயக்கி, முழு நகலை ஒழுங்காக எடுத்துவிடுவேன். ஞாயிறு தோற்கும், திங்கள் வெல்லும். இப்படி ஒன்றரை வருஷம். கேபிள் மாற்றினேன், வைரஸ் தடுப்பைக் கழற்றி மாட்டினேன், டிஸ்க்கின் ஃபார்மேட்டை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். காரணங்கள் எல்லாம் நிஜமானவை, எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். "உங்க கம்ப்யூட்டரைவிட என் புழுங்க சொன்ன பேச்சு கேக்குது," என்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் இந்த வீட்டில் புழு இருக்காது.

மார்ச்சில் லைப்சிக்கிலிருந்து கடிதம் வந்தது. ஜெர்மனி, மூன்று வருஷ ஆராய்ச்சி வேலை. ஜூலை முதல் வாரத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் இடம் நிச்சயம். படங்கள் இல்லாமல் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். கடிதத்தைக் காட்டிவிட்டு, "நீங்களும் வாங்க. அங்க குளிருக்கு ஈயே வராது, உங்களுக்கு ஏத்த ஊரு," என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஈரலை முதன்முதலாகக் கண்டுகொள்ளும் ஈயின் அவசரம் அதில் இருந்தது.

ஏப்ரலில் கணினியின் சொந்த டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான், டிஸ்க் சாகப்போகிறது, என் மாணவர்களுக்கே தெரியும். என்ன சத்தம் என்று நீலா கேட்டாள். தூசு என்று சொன்னேன். தூசு நிஜமாகவே இருந்தது. பக்கத் தகடைத் திறந்து துடைத்தபோது உள்ளே விசிறியின் இறக்கையில் ஒரு பச்சை ஈ ஒட்டிக் காய்ந்திருந்தது. என் கையால் பூட்டிய கணினிக்குள். அதை எடுத்த பிறகு ஏழு முறை கை கழுவினேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி கணினி எழவில்லை.

நீலா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நகல் இருக்குல்ல? சரியா வந்த ஏதாவது பழைய ஞாயித்துக்கெழம?" என்று மெதுவாகக் கேட்டாள். மறுநாள் புது டிஸ்க் பூட்டி, வெளி டிஸ்க்கைச் செருகி, அவள் கண்முன்னே முயன்றேன். நகல் எதுவும் இல்லை என்று திரை சொன்னது. அந்த நகல் இருக்கும் ஃபோல்டருக்கு ஒரே ஒரு பெயர்தான், டிஸ்க்கில் மேல்வரிசையில்தான் இருக்க வேண்டும். இன்னொரு ஃபோல்டருக்குள் தள்ளிவைத்தால், பக்கத்திலேயே இருந்தாலும் கணினிக்குத் தெரியாது. முந்தைய நாள் நான் அதை ஒரு ஃபோல்டருக்குள் போட்டு ஒழுங்குபடுத்தியிருந்தேன். அழிக்கவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நான் எதையும் அழிக்கவில்லை.

"கம்ப்யூட்டரோட டிஸ்க் இனித் தேறாது. ஹூப்ளியில ஒருத்தர் இருக்கார், வெளி டிஸ்க்ல காணாமப் போன நகலை எடுத்துக் குடுப்பார்," என்றேன். பன்னிரண்டாம் தேதி வெளி டிஸ்க்கை அவரிடம் கொண்டுபோவதாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அந்தப் பன்னிரண்டாம் தேதி காலையே ஒரு வாளியில் புது ஈரல் வைத்துவிட்டுப் போனாள். கடைசிச் சோதனையை மட்டுமாவது திரும்பச் செய்கிறாளாம்.

ஹூப்ளியில் அப்படி யாரும் இல்லை. அவருக்குக் குருபாதப்பா என்று பெயர் வைத்தேன். முன்பல் ஒன்று இல்லாதவர், டிஸ்க்கை நோயாளி என்று சொல்பவர். தினமும் சாயங்காலம் நீலா கேட்பாள். "நோயாளி இன்னைக்குக் கண்ணு முழிச்சானாம்," என்பேன். ஒரு நாள் அவருக்காக ஒரு பெட்டி பேடா வாங்கிக் கொடுத்தனுப்பினாள். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். நன்றி சொன்னார் என்று வந்து சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது. அந்த மூன்று வாரமும் அவள் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஞாயிறு மட்டுமல்ல.

டிஸ்க்கைப் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் மாடிக்கு எடுத்துப்போனேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு, உறையோடு அந்த வாளிக்குள் போட்டுக் குச்சியால் மரத்தூளுக்கு அடியில் அழுத்தினேன். என் கை ஒருநாளும் போகாத இடம் அது. யார் கையும் போகாது என்று நினைத்தேன்.

அங்கேதான் என் கணக்குத் தப்பியது. ஆறு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு சின்ன விஷயம் தெரியாமல் போய்விட்டது. புழு கூடுகட்டும் நேரம் வந்தால் ஈரலை விட்டுக் கீழே மரத்தூளுக்குள் இறங்குமாம். அவளுக்கு வேண்டிய அறுவடையே அங்கேதானாம். ஈக்கள் வெளிவந்த பிறகு மரத்தூளைக் கொட்டி, வெறும் கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவாளாம்.

முந்தாநாள் எண்ணினாள். கீழே இறங்கி வந்து இந்த மேஜையில் செய்தித்தாளை விரித்து டிஸ்க் உறையை வைத்தாள். ஜிப்பின் இடுக்கில் பழுப்புக் கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன, உள்ளே டிஸ்க் துருப்பிடித்து நசநசத்திருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் இடுக்கியால் ஒரு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பன்னெண்டாம் தேதி காலையில எட்டு மணிக்கு ஈரல் வெச்சேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து வாளி வாயில வலை கட்டினேன். அதுக்கப்புறம் அந்தக் கட்டை அவுத்தது இன்னைக்கு நான்தான். இது எட்டுக்கும் ஆறுக்கும் நடுவுல உள்ள போயிருக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னைக்குத்தான நீங்க ஹூப்ளி போனீங்க?"

நான் கை கழுவப் போனேன். அவள் உங்களுக்குப் போன் செய்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

இப்போது மேஜையைத் தட்டுகிறீர்கள். "நீயெல்லாம் மனுஷனாடா? சனிக்கெழமையோட அவளுக்குக் கெடு முடியுது. இன்னொரு நகல் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

இருக்கிறது, மச்சான். என் தொழிலில் ஒரே ஒரு நகலை நம்புகிறவன் முட்டாள். பதினோராம் தேதியே கல்லூரியில் வைத்து இன்னொரு டிஸ்க்கில் எடுத்துவிட்டேன். திறந்தும் பார்த்தேன். அறுபத்தோராயிரமும் இருக்கின்றன, இன்னும் நெளிகின்றன. அத்தனையையும் பார்க்கப் பதினாறு நாள் ஆனது. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அளவுகோலைப் பிடித்திருக்கும் அவளுடைய இடது கட்டைவிரல் தெரியும். நகம் சுத்தமாக வெட்டியிருக்கும். அதை மட்டும்தான் பார்த்தேன்.

டிஸ்க் எங்கே என்று தேட வேண்டாம், கிடைக்காது. நானே தருகிறேன். தரமாட்டேன் என்று எப்போதாவது சொன்னேனா? இந்த வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் எதுவும் இருந்ததில்லை. நகலிலிருந்து கணினியை எழுப்ப ஒரு மணி நேரம் ஆகும், பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது.

சனிக்கிழமை என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் நகல் வேலையை நான் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் செய்வது. பத்து மணிக்கு, பூஜை முடிந்து. வாசலுக்குப் போய் அவளிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள் மச்சான், தலைக்குக் குளித்துவிட்டு, இரண்டு டம்ளர் டீயோடு, அந்த நாற்காலியில் வந்து உட்காருவாளா என்று.