பட்டப்பகலில் வால்வெள்ளி

பேரம் பேசாமல் வாங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. கிணத்துக்கடவில் அப்பா தேங்காய் மண்டி வைத்திருந்தார். விலை சொன்னதும் தலையாட்டுகிறவன் மனசில் வேறு ஏதோ வைத்திருக்கிறான் என்பார்.

எனக்குக் கோவை டவுன்ஹால் பக்கம் பைனாகுலர் கடை. 2024 அக்டோபரில் வால்வெள்ளி வருகிறது என்றதும் வாசலில் பலகை வைத்தேன். விற்பதற்காக மட்டுமில்லை சார், எட்டு மாதமாக நானே அதற்குக் காத்திருந்தேன். வாங்கிய முப்பது பேரையும் ஒரு மாலை வெள்ளியங்கிரி அண்ணனின் தென்னந்தோப்புக்கு அழைத்துப் போனேன். அப்பாவின் மண்டிக்குக் காய் போட்டவர். மேற்கே மேகம் விலகியதும் தெரிந்தது, விரலால் தேய்த்த திருநீறு மாதிரி ஒரு மங்கல்.

"ஏனுங்க தம்பி, இதுக்கா எட்டு மாசம் அடைகாத்தீங்க? கூமுட்டையாப் போச்சுங்களே," என்றார் அண்ணன்.

முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் பதினொரு பைனாகுலர் திரும்பி வந்தன. கடைக்குக் கூமுட்டைக் கடை என்றே பெயராகிவிட்டது.

ஜனவரியில் இன்னொன்று. சூரியனை ஒட்டி வருவதால் பட்டப்பகலிலேயே தெரியலாம் என்று செய்தி. போகிக்கு முதல் நாள் அண்ணன் ஒரு தார் பூவன்பழத்தோடு கடைக்கு வந்தார்.

"அன்னிக்கு வாய்தவறிச் சொல்லிப்போட்டேனுங்க. நல்லதா ஒண்ணு குடுங்க தம்பி. நீங்க சொல்றதுதான் வெலை."

சமாதானத்துக்கு வந்திருந்தார். எனக்கும் கோபமெல்லாம் இல்லை. இருப்பதில் சக்தி கூடியதாக எடுத்துக் கொடுத்தேன்.

"எங்கதானுங்க பாக்கோணும்?"

"சூரியனுக்குப் பக்கத்துலயே துழாவுங்கண்ணா. அவசரப்படாதீங்க."

வெயில் பக்கம் பார்க்கிறவர்களுக்கென்று முகப்பில் மாட்டும் கறுப்பு மூடிகள் இரண்டு உண்டு. அவை இல்லாவிட்டால் கண் அவிந்துவிடும். அவற்றை நான் விற்பதில்லை. எங்கள் ஊரில் கொசுறு கேட்காமல் யாரும் படியிறங்க மாட்டார்கள், அதற்கென்றே வைத்திருப்பேன். அன்று அண்ணன் மரியாதைக்காகக் கேட்கவில்லை. கேட்காததை எடுத்துக் கொடுக்கிற வழக்கம் எனக்கில்லை. இழுப்பறையைச் சாத்திவிட்டு, துடைக்க ஒரு மஞ்சள் துணி கொடுத்தேன்.

போகியன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்திருக்கிறார். வலி தெரியாதாம். சாயங்காலம் வாசலில் காப்புக் கட்ட வைத்திருந்த வேப்பிலையைத் தரையில் தடவித் தேடினாராம்.

தெரிந்து செய்தாயா என்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன்.

போன வாரம் அவர் மகள் லோகப்பிரியா கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"ஒரு சந்தேகமுங்க தம்பி. கடைசியாப் பளீர்னு ஒண்ணு தெரிஞ்சுதுங்க. அதானுங்களா அது?"

"அதேதானுங்கண்ணா. கோயமுத்தூர்லயே நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. லோகப்பிரியா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகார் கொடுத்தது அவளாகத்தான் இருக்கும்.

அவளிடம் இதையும் சொல்லுங்கள் சார். வால்வெள்ளி பார்க்கப் போய் ஏமாறாமல் திரும்பிய ஒரே மனிதர் அவள் அப்பாதான். அந்த வகையில் என் மனசாட்சி சுத்தம்.