வாசித்துக் காட்டிய புத்தகம்

— என் கதையப் படிச்சுட்டா அழுதாங்க?

— தட்டு வாங்க வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கிற மூணு பேருமே அழுதாங்களாம் அத்தான். இப்பத்தான் கூடத்துல சொன்னாங்க.

— கேட்டியா கூத்த! பீங்கான் தட்டு வித்துப் பெரிய ஆளானவன் கதையில அழறதுக்கு என்ன இருக்கு? அழுத கையோட விலையக் குறைக்கச் சொல்வாங்களோ?

— விலையெல்லாம் கேக்க மாட்டாங்க.

— அப்ப ஏன் ஒருத்தனும் பிஸ்கட்ட எடுக்கல? நம்ம தட்டுல வச்சு நானே நீட்டினேன். தொடவே கூசறான்.

— பசி இல்லையோ என்னவோ.

— மழுப்பாத. தம்பி பொண்டாட்டியாச்சேன்னு கண்ண மூடிக்கிட்டு உன்ன நம்பினவன் இல்ல நான். அவங்க பாஷை எனக்குத் தெரியாது. அதான் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் நம்ம பாஷையில திருப்பிச் சொல்ல வச்சேன். கேட்டியா, வியாபாரின்னா சும்மாவா?

— பதினாறு நாள் சொல்ல வச்சீங்க.

— ஒரு வார்த்தை பிசகலியே!

— எப்படிப் பிசகும்? மேல அவங்க பாஷைத் தாள், அடியில நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதின தாள். அடியில இருந்ததத்தான் வாசிச்சேன்.

— அப்ப... புத்தகத்துல என்ன இருக்கு?

— உங்க தம்பி எழுதி வச்ச பதினோரு நோட்டு.

— அது ஏது? அதத்தான் நான் அப்பவே...

— கிழிச்சுத் தட்டுக்குச் சுத்தினீங்க. காய்ச்சல்ல கிடந்தவர் எழுந்து வந்து, பேக்கிங் ஷெட் வாசல்ல நின்னு பாத்தார். 'இப்பத்தான்டா உன் எழுத்துக்கு ஒரு உபயோகம்'னு சிரிச்சீங்க. அப்புறம் அவர் பேனாவத் தொடல. நாலு மாசத்துல ஆளே இல்ல.

— அதெப்படிடி திரும்ப வந்துது?

— அவர் எழுத எழுத, நான் அவங்க பாஷையில மாத்தி வச்சுக்கிட்டே வந்தேன். நம்ம பாஷையில இருந்தது உங்க கையால போச்சு. உங்களால படிக்க முடியாதது மட்டும் தப்பிச்சுது.

— அடிப்பாவி! ஐநூறு புத்தகத்தயும் நானே நின்னு பார்சல் கட்டி அவங்க ஊருக்கு அனுப்பினேனே! இப்பவே போய் எல்லாம் புரட்டுன்னு சொல்றேன்.

— சொல்லுங்க. மொழிபெயர்க்க நான் வரணும்ல?

— ...இரு, இரு. கோபத்துல சரக்கக் கைவிடக் கூடாது. அழ வைக்குதுன்னா நல்ல சரக்குதானே? யார் எழுதினா என்ன, பின்னட்டையில படம் என்னோடது. நான் எழுதினதாவே இருந்துட்டுப் போகட்டும். கேட்டியா, நீ மட்டும் வாயத் திறக்காத.

— நான் திறக்கல அத்தான். படத்துக்குக் கீழ ரெண்டு வரி இருக்கே, பாத்தீங்களா?

— என் பேரும் பட்டமும்னு சொன்னியே.

— முதல் வரி உங்க பேர்தான். ரெண்டாவது, 'இந்த நோட்டுகளைக் கிழித்துத் தட்டுக்குச் சுற்றிய அண்ணன்'. வாங்க, அந்தத் தட்ட இன்னொரு தடவ நீட்டிப் பாருங்க.