மேட்டு லயத்தின் இரண்டரை அடி

ரஸாக் சேர், என் வாக்குமூலத்தை எழுதத் தொடங்குமுன் இந்த மேசைக்கு ஏதாவது செய்யுங்கள். இடது பக்கக் கால் அரை அங்குலம் குட்டை. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் போதும். நானே வைத்துவிடுவேன், ஆனால் எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். கோணலாக ஒன்று கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம்.

பெயர் வேலுசாமி அஜந்தன். வயது நாற்பத்தொன்று. தெஹியோவிட்ட டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். பிறந்தது மேலே ரப்பர் தோட்டத்தில், பள்ளத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். குற்றம் என்று எழுதவேண்டிய இடத்தைக் கொஞ்சம் காலியாக விடுங்கள். முழுவதையும் கேட்டபின் உங்களுக்கே வேறு சொல் தோன்றலாம்.

என் வயதுக்காரர்களுக்கு அந்த லொறி கேம் தெரியும். பாரம் ஏற்றிய லொறியை மலை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போனது. ஆனால் உலகம் முழுக்க அதை விளையாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த விளையாட்டுக்குள் புதிய மலையும் புதிய பாதையும் செய்துகொள்ள ஒரு கருவி வேண்டும் என்று ஒன்பது வருடங்களுக்கு முன் நான் எழுத ஆரம்பித்தேன். 'மண்வெட்டி' என்று பெயர் வைத்தேன். சம்பளமில்லாத வேலை. நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துப்போகலாம். யார் என்ன திருத்தினாலும் நாள் கிழமையோடு பதிவாகும். குருவிட்டயில் போன் கடை வைத்திருக்கும் ஜஸீல் பாதி எழுதினான். போலந்திலும் பிரேசிலிலும் இருந்து முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். பொறுப்பாளன் நான். ஊரில் ஒருவருக்கும் இது என்னவென்று தெரியாது. பிள்ளைகளுக்கு கேம் விளையாடச் சொல்லிக் கொடுக்கிற மனுசன் என்றுதான் என் மாமியாரே சொல்லுவார்.

மூன்றாம் பதிப்புக்கு எங்கள் தோட்டத்தையே மலையாகச் செய்தேன். அங்குலம் பிசகாமல் உண்மை நிலம் என்று விளம்பரமும் செய்தேன். அளந்து தந்தது துஷ்யந்தி.

அவள் மேட்டு லயத்துப் பிள்ளை. வயது இருபத்தாறு. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை வைத்துக்கொண்டு, லீவு நாட்களில் தோட்டம் முழுக்க அளந்தாள். அளவுகளை நின்ற இடத்திலேயே போனில் மண்வெட்டிக்குள் ஏற்றிவிடுவாள். கொப்பியில் எழுதிவைக்கட்டுமா என்று கேட்டாள். மண்வெட்டி இருக்கும்போது கொப்பி எதற்கம்மா என்றேன். சொன்னபடி கேட்கிற பிள்ளை.

ஒக்டோபரில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. பிந்தி அளந்து ஏற்றிய பாதை ஜனவரியில் ஏற்றிய லயத்தோடு பொருந்தாமல், விளையாட்டில் மேட்டு லயத்துக்குப் பின்னால் லொறி குடை சாய்ந்தது. துஷ்யந்தி மழையோடு மழையாகப் போய் மறுபடி அளந்தாள். லயத்துக்கு மேலே முனியாண்டி கல் இருக்கிறது. மலையோடு பிறந்த பாறை, அசையாது. அங்கிருந்து லயத்தின் பின்சுவர் ஜனவரியில் அறுபத்தொரு அடி. இப்போது அறுபத்து மூன்றரை. செவ்வாய்க்கிழமை எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் பிழை அறிக்கை போட்டாள். எனக்கு மனப்பாடம்: "சேர், ரெண்டு தரமும் சரியாத்தான் அளந்தேன். அளவுல பிழையில்ல. லயம்தான் கீழ எறங்கியிருக்கு. பின்னால நெலம் வெடிச்சிருக்கு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் பக்கத்தில் விதிமுறை தெளிவாக இருக்கிறது. கருவியில் உள்ள பிழைகளை மட்டுமே அறிவிக்கவேண்டும். பூமியில் உள்ள பிழைகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை. புதன்கிழமை, 'இது மண்வெட்டியின் பிழை அல்ல' என்று எழுதி அறிக்கையை மூடினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். நன்றி என்றுகூடச் சேர்த்தேன்.

ஆனால் பிடிவாதக்காரி. வியாழக்கிழமை தோட்ட ஒப்பீசுக்குப் போய் நின்றிருக்கிறாள். தோட்டத்து மேனேஜர் தொரை, மண்சரிவு பார்க்கிற அதிகாரிக்குச் சொல்லியிருக்கிறார். மழைக் காலத்தில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதிகாரி ஆபத்து என்று ஒரு வரி எழுதினால், மேட்டு லயத்துப் பதினாலு குடும்பமும் பாயும் பானையுமாகக் கீழே இருக்கிற கிளப் ஹோல் மண்டபத்துக்கு வந்துவிடும். அப்புறம் இரண்டு கிழமைக்கு ஹோலில் கொடியில் துணி காயும், மூலையில் அடுப்பு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஹோலில்தான் மூன்றாம் பதிப்பு வெளியீடு. எட்டு மாதம் தொரையின் பின்னால் நடந்து வாங்கிய ஹோல். ப்ரொஜெக்டர் அவிசாவளையிலிருந்து வருகிறது. வெளிநாட்டிலிருந்து நாலாயிரம் பேர் நேரலையில் பார்க்கப்போகிறார்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, என் மாமியார் உட்பட, ஊர் எனக்கு முன்னால் வந்து உட்காரப்போகிறது. நான் மலையிடம் கேட்டது வெறும் இரண்டு நாள். பேராசை என்று சொல்லமுடியுமா?

நியாயமான மனிதன் என்பதால் வியாழன் பின்னேரமே நானும் மேலே போய்ப் பார்த்தேன். லயத்துக்குப் பின்னால், வாழை மரங்களுக்கு இடையில் வெடிப்பு இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் போனது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கையைப் பீலித் தண்ணீரில் கழுவிக்கொண்டு இறங்கி வந்தேன். வழியில் ஒரு வீட்டில் பிளேன்டீ கொடுத்தார்கள். இஞ்சி போட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

வெள்ளிக்கிழமை அந்த அதிகாரி எனக்குப் போன் எடுத்தார். சின்னப் பையன், நல்ல சிங்களத்தில் பணிவாகப் பேசினார். பாதை உடைந்திருப்பதால் திங்கட்கிழமைக்குமுன் மேலே வரமுடியாதாம். அந்தப் பிள்ளை சொல்கிற ஜனவரி அளவு உங்களிடம்தான் இருக்கிறதாமே, அது உண்மையாக இருந்தால் நான் இப்போதே எழுதிவிடுகிறேன் என்றார். பதிவைப் பார்த்து அனுப்புவதாகச் சொன்னேன்.

மண்வெட்டியில் 'சமனாக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நானே எழுதியது, எனக்குப் பிடித்தது. மேடு பள்ளத்தை ஒரு இழுப்பில் தடவிச் சரிசெய்யும். ஜனவரி மாதத்து லயத்தைப் பிடித்து இரண்டரை அடி கீழே இழுத்தேன். வெடிப்பு என்று அவள் குறித்திருந்த கோட்டின் மேல் சமனாக்கு. பொறுப்பாளனுக்குப் பழைய பதிவுகளையும் மாற்றுகிற அதிகாரம் உண்டு, மாற்றினேன். எல்லாமாக நாலு நிமிடம். ஜனவரியிலும் அறுபத்து மூன்றரை, ஒக்டோபரிலும் அறுபத்து மூன்றரை. நிலம் அசையவே இல்லை. பார்க்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அனுப்பிவிட்டேன். அதிகாரி நன்றி சொன்னார்.

அன்று பின்னேரம் துஷ்யந்தி போனில் பேசினாள்.

"சேர், ஜனவரி அளவு மாறியிருக்குங்க. யாராச்சும் கை வச்சிருக்காங்களா?"

"யாரும்மா கை வைப்பாங்க? நீதான் கயித்தத் தொய்ய விட்டு அளந்திருப்ப."

 மழைச் சத்தத்துக்கு நடுவே கேட்டாள்.

"அப்ப நான்தான் பிழையா அளந்துட்டேனுங்களா சேர்?"

"பரவால்லம்மா. ஞாயித்துக்கெழம முன் வரிசையில ஒக்காரு. ஒன் பேரயும் வாசிக்கிறேன்."

"இல்லீங்க சேர். அளவு பிழையாவே இருக்கட்டும், வெடிப்பு இருக்குல்ல? லயத்துல ஆள வச்சிட்டு நான் எப்படிங்க வர்றது?"

என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. தன் கயிற்றைச் சந்தேகப்பட்டாள், என்னைச் சந்தேகப்படவில்லை. அந்த வகையில் எனக்கு அவள்மேல் இன்றைக்கும் மரியாதை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஹோல் நிறைந்தது. மேட்டு லயத்திலிருந்து மட்டும் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள் சேர். வெளியீடு நடக்காவிட்டால் அந்த முப்பத்தொரு பேரும் வீட்டில் இருந்திருப்பார்கள். பேப்பர்காரன் ஒருத்தனும் இதை எழுதவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சரிதான்.

வராதவர்கள் கிழடுகள், காய்ச்சல்காரர்கள், பிள்ளை பெற்று ஒன்பது நாளான ஒருத்தி. துஷ்யந்தி காலையிலிருந்து வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறாள். "ஆபத்தில்லன்னு ஐயாமாரே சொல்லிட்டாங்க, நீ என்னாடி பெரிய இவ" என்று கேட்டார்களாம். அப்படியும் ஆறு பேரைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடியும் மேலே ஏறியிருக்கிறாள்.

பத்தேகாலுக்குத் திரையில் லொறி மேட்டு லயத்துக்குப் பின்னால் ஏறியது. சாயவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம். ஸ்பீக்கரை நான் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன். சத்தம் விளையாட்டில் இருந்துதான் வருகிறது என்று நினைத்து ஹோலே கைதட்டியது. நானும் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். பிறகு கரண்ட் போனது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பன்னிரண்டு பேர். அவளோடு சேர்த்து. மத்தியானமே ஹோலை மிஞ்சிய ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று. ப்ரொஜெக்டரை நானே கழற்றி இடம் ஒதுக்கினேன்.

யார் காட்டிக்கொடுத்தது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜஸீலாகத்தான் இருக்கும். பெப்ரவரியில் அவன் ஒரு முழுப் பிரதி எடுத்திருந்தான். அதில் அறுபத்தொரு அடி அப்படியே இருந்திருக்கும். திறந்த நிரலில் இதுதான் தொல்லை. ஒருவன் திருத்தினால் ஊரெல்லாம் பழையதை வைத்துக்கொண்டு காட்டும்.

சரி, எழுதுங்கள். ஜனவரி அளவை மாற்றியது நான். மாற்றும்போது வெடிப்பு இருப்பது எனக்குத் தெரியும், என் முழங்கை வரைக்கும் தெரியும். ஹோல் வேண்டும் என்பதற்காகச் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ஆனால் நான் செய்த வேலையை அரைகுறையாக விடுகிறவன் இல்லை. நீங்கள் வந்து கூட்டிப்போவதற்கு முதல் நாள், மேலே போய் எல்லாவற்றையும் புதிதாக அளந்தேன். அவளுடைய முடிச்சுக் கயிறு பிள்ளைக்காம்பரா ஆணியில் தொங்கியது, அதாலேயே அளந்தேன். தொய்ய விடவில்லை. லயத்தை எடுத்துவிட்டு, மண் வந்து நின்ற இடம் வரைக்கும் படத்தில் ஏற்றினேன். இப்போது படமும் நிலமும் அங்குலம் பிசகாமல் ஒத்துப்போகின்றன. துஷ்யந்தியின் அறிக்கையை மறுபடி திறந்து, கீழே 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி மூடிவிட்டேன்.