பாலத்துக்குப் போன கடிதம்

— கையெழுத்து அப்புறம் போடலாம்மா. பேனாவைக் கீழ வைங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

— நாலு வருஷமா நீங்க சொல்றதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், வார்டன் சார். ஒரு வீட்ல ரெண்டு பிள்ளையும் போருக்குன்னு போயிருந்து, அதுல ஒண்ணு செத்துட்டா, இன்னொண்ணைத் தாய்கிட்ட திருப்பிக் கொடுக்கணும். உங்க சட்டம்தானே? என் பையன் செத்துட்டான். இந்தாங்க, நீங்க அனுப்பின சீட்டு. என் பொண்ணைக் கொடுங்க.

— சட்டத்தை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பாருங்க, பிள்ளையும் சம்மதிக்கணும். உங்க எதிர்லயே மூணு தடவை கேட்பேன். மூணு தடவையும் போறேன்னு சொல்லணும். ஒரு தடவை தயங்கினாலும் அவ இங்கதான்.

— பதினோரு வயசுப் பிள்ளை. அம்மா கூப்பிட்டா அதுக்கு என்ன சார் தயக்கம்?

— அவளை உங்களுக்குத் தெரியலைம்மா. இங்க நாங்க அவளை நத்தைன்னுதான் கூப்பிடுவோம். சாப்பிட வர்றியான்னு கேட்டாக்கூட ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் வாயைத் திறப்பா. ஆனா பாருங்க, திறந்தா அது தப்பாது. தளபதிங்க தலையைப் பிச்சுக்கிட்ட இடத்துல இது பென்சிலை எடுத்து வரைபடத்துல நாலு கோடு போட்டுட்டுத் தூங்கப் போயிடும். இருநூறு பிள்ளைங்க இருக்காங்க இங்க. அத்தனையும் கெட்டிக்காரப் பிள்ளைங்கதான். ஆனா இவ மாதிரி ஒண்ணு இல்ல. இவளை அனுப்பிட்டு நான் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றது?

— அது உங்க தலைவலி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அண்ணன் செத்தது அவளுக்குத் தெரியுமா?

— நாங்க யாரும் சொல்லலை.

— சொல்ல வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், மடியில படுக்க வெச்சு நானே சொல்லிக்கிறேன். அவன் தோள்லயே வளர்ந்தவ சார் அவ. நடக்கிற வயசு வந்தும் நடக்க விட மாட்டான். இதைக் கேட்டா தாங்க மாட்டா.

— அதோ வர்றா. கட்டிப்பிடிக்கிறது எல்லாம் அப்புறம் வெச்சுக்குங்க. முதல்ல நான் கேட்டு முடிச்சிடறேன்.

— குட்டி. அடி என் கண்ணு, எவ்வளவு வளர்ந்துட்ட. கன்னமெல்லாம் எங்கடி போச்சு? இந்தச் சட்டை எங்க ஃபேக்டரி தையல்தான். இந்தப் பாக்கெட் மூடி நானே தெச்சதா இருக்கும்.

— அம்மா, கொஞ்சம் இரு. சார் கேட்கட்டும்.

— நத்தை, உங்கம்மா உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க. போறியா?

— போறேன் சார்.

— அவசரப்படாதே. அடுத்த மாசத்துல இருந்து உனக்குத் தனி ரூம். தனி வரைபட மேஜை. பன்னிரண்டு பிள்ளைங்க உன் பேச்சைக் கேட்டு நடக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லு. போறியா?

— போறேன்.

— போன மாசம் பாலத்துல நீ போட்ட திட்டத்தால நாலாயிரம் பேர் பிழைச்சாங்க. அடுத்த தடவை நீ இல்லைன்னா அந்த நாலாயிரம் பேர் என்ன ஆவாங்க? அதை நினைச்சுப் பார்த்துட்டுச் சொல்லு. போறியா?

— போறேன் சார். மூணு ஆச்சு.

— என்ன நத்தை இது. எதுக்கெடுத்தாலும் ரெண்டு நிமிஷம் எடுத்துப்பியே?

— இதை முன்னாடியே யோசிச்சுட்டேன் சார்.

— சரி. எனக்குக் கொடுத்து வைக்கலை. நீங்க கையெழுத்துப் போடுங்கம்மா. மேல போய் முத்திரை வாங்கிட்டு வர கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருங்க.

— போயிட்டாரு. இப்பவாவது கிட்ட வாடி. ஏன் கட்டை மாதிரி நிக்கிற?

— அழாதேம்மா. முத்திரை விழுற வரைக்கும் அழக் கூடாது. நீ அழுறதைப் பார்த்தா, அம்மாவுக்கு மனசு சரியில்லைன்னு எழுதி ஆறு மாசம் தள்ளிப் போட்டுடுவாங்க. பல்லழகி வீட்ல அப்படித்தான் ஆச்சு.

— யாரு பல்லழகி?

— என் பக்கத்துப் படுக்கை. அவ அம்மா வந்து ஓன்னு அழுதாங்க. அவ இன்னும் இங்கதான் இருக்கா.

— இந்தா, கண்ணைத் துடைச்சுட்டேன். போதுமா? உனக்கு வீட்டு ஞாபகமே வராதாடி? நாலு வருஷத்துல ஒரு வரி எழுதலையே. உன்னை எங்களுக்கு எதிரா மாத்திட்டாங்கன்னு நினைச்சு நான் தூங்காத நாள் இல்ல.

— எழுதினேன். என்னைக் கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்னு எழுதினேன். சார் என் கண் எதிர்லயே கிழிச்சுப் போட்டார். அப்புறம் எழுதறதை விட்டுட்டேன்.

— பாவிங்க. உனக்கு ஏழு வயசுல பரீட்சை வெச்சப்பவே நான் உன்னை ஒளிச்சு வெச்சிருக்கணும். என் பொண்ணு முதல் மார்க்குன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு வேணும்.

— அம்மா, உன் தையல் மிஷினுக்கு எதிர்ல இருக்கிற ஜன்னலோரக் கட்டில் இனிமே எனக்குத்தானே?

— அது அண்ணன் கட்டில்டி.

— ஆமா. அதைத்தான் கேட்டேன்.

— யாருடி சொன்னா உனக்கு?

— யாரும் சொல்லலை. நீ வந்திருக்கியே. அவன் இருந்தா உன்னை வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க.

— உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. இப்படியாடி உன்னை ஆக்கி வெச்சிருக்காங்க?

— நான் போன மாசமே அழுதுட்டேன். போர்வைக்குள்ள.

— போகட்டும் விடு. அப்படின்னா இதையும் உன்கிட்ட காட்டிடறேன். மறைச்சு வெச்சு என்ன ஆகப் போகுது? அவன் உடம்போட இதையும் அனுப்பி வெச்சாங்க. சட்டைக்கு உள்ள நான் ஒரு பை வெச்சுத் தெச்சிருந்தேன், அதுல இருந்துச்சு. படிச்சுப் பாரு. உன் கையெழுத்து மாதிரியே எழுதி என் பிள்ளையை ஏமாத்தியிருக்காங்க.

— 'அண்ணா, பாலத்தை விட்டு நகராதே. சாயந்திரம் வரைக்கும் நில்லு. ஆள் வந்துடுவாங்க. நான் சொல்றேன், நம்பு.'

— ஆள் வரலைடி. அவன் அணி முப்பத்திரண்டு பேரும் அங்கேயே நின்னு செத்திருக்காங்க. அவனுக்குக் கால் நல்லா இருந்திருந்தா ஓடியிருப்பான்னு நினைச்சேன். கால்ல ஒரு கீறல் இல்ல. ஓடவே இல்ல. தங்கச்சி சொன்னாளேன்னு நின்னிருக்கான்.

— அம்மா, இது என் கையெழுத்து மாதிரி எழுதினது இல்ல. நானே எழுதினது.

— என்னடி சொல்ற?

— அது இங்க வழக்கம். எந்த அணியைச் சாகறதுக்கு நிறுத்துறோமோ, அந்த அணித் தலைவருக்கு நாங்களே கைப்பட எழுதணும். டைப் அடிக்கக் கூடாது. அப்பத்தான் பொறுப்பு வரும்னு சார் சொல்வார்.

— ஆள் வருவாங்கன்னு எழுதியிருக்கியே?

— வர மாட்டாங்கன்னு எழுதினா யாரும்மா நிப்பாங்க? பாலத்துல முப்பது பேராவது சாயந்திரம் வரைக்கும் சுடணும். அப்பத்தான் மொத்தப் படையும் அங்கதான் இருக்குன்னு எதிரி நம்புவான். மத்தவங்க மலைக்குப் பின்னால போயிடலாம்.

— நிறுத்துடி. போதும். எனக்கு இப்பத்தான் எல்லாம் விளங்குது. அண்ணனுக்குத் தங்கச்சி கையாலேயே சாவு ஓலை எழுத வெச்சிருக்காங்க. நீ எழுதினா அவன் அசைய மாட்டான்னு தெரிஞ்சே பண்ணியிருக்காங்க. இங்க பாரு. என் மூஞ்சியைப் பாரு. இது உன் தப்பு இல்ல. கேட்குதா? நீ குழந்தை. எழுதுன்னாங்க, எழுதின. இதை நீ மனசுல வெச்சுக்கிட்டு மருகக் கூடாது. அண்ணனும் உன்னைக் கோவிச்சுக்க மாட்டான்.

— கோவிச்சுக்க மாட்டானாம்மா?

— மாட்டான்டி. உன் மேல அவனுக்கு என்னைக்குக் கோவம் வந்திருக்கு?

— இந்தாங்கம்மா, பத்திரம். மேல என்னைக் காய்ச்சி எடுத்துட்டாங்க. ஆனா பாருங்க, சட்டம் சட்டம்தான். முத்திரை போட்டாச்சு.

— வார்டன் சார், உங்களுக்கும் ஒரு வீடு இருக்கும். பிள்ளை குட்டி இருக்கும். ஊர்ல எத்தனையோ அணி இருக்க, என் பையன் பேரைக் கொண்டு வந்து இவ முன்னாடி நீட்டி, எழுதுன்னு எப்படி சார் வாய் வந்துச்சு உங்களுக்கு? நீங்கல்லாம் சோத்தைத்தான் திங்கறீங்களா?

— அம்மா, நீங்க எதையோ தப்பா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. நாங்க அப்படி எந்தப் பேரையும்...

— சார், ஒரு நிமிஷம். முத்திரை விழுந்துட்டா அப்புறம் மாத்த முடியாதுதானே?

— முடியாது நத்தை. இனிமே நான் கூப்பிட்டாலும் நீ வர முடியாது. நீ உங்கம்மா பிள்ளை. கூட்டிட்டுப் போறது அவங்க கடமை.

— அப்ப சாரைத் திட்டாதேம்மா. பாலத்துக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுன்னு நாலு அணித் தலைவர் பேருதான் கொடுத்தாங்க, அண்ணன் பேரு அதுல இல்லவே இல்ல. நான்தான் அவன் பேரைக் கேட்டு வாங்கி எழுதினேன், வீட்டுக்கு வர எனக்கு வேற வழியே இல்லையேம்மா.