மஞ்சள் பெயிண்ட் கொட்டியது பற்றி

என் பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டது சரிதான். வயது ஐம்பத்தெட்டு. மார்க்கெட் பின்தெருவில் தையல் கடை நடத்துகிறேன். என் கணவர் சரக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கார் ஷோரூம் முதலாளியின் தலையில் நான் பெயிண்ட் கொட்டியதாக அவர் கொடுத்த புகாரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

கூரையில்லாத, இரண்டே இருக்கை உள்ள பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்ட வேண்டும் என்பது என் கணவரின் இளவயது ஆசை. அசல் கார் எங்களுக்குக் கனவிலும் கிடைக்காது. அதே உருவத்தில் பைபர் உடலும் புது எஞ்சினும் வைத்து நகல் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் கண் டாக்டர், அவருக்குப் பக்கப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, பகலில் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், அதற்குப் பிறகு முடியாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் நாங்கள் நகல் கார் செய்கிறவர்களைத் தேடிப் புறப்பட்டோம்.

முதலில் ஊருக்கு வெளியே ஒரு பட்டறைக்குப் போனோம். அந்தப் பட்டறைக்காரருக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் சிடுசிடு. உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவர் ஒரு போல்ட்டை முறுக்கினால், போல்ட்டையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். பின்னால் போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். "எங்க வேணா வாங்குங்க. வாங்கறதுக்கு முன்னாடி அடியில படுத்து இந்தக் கோட்டைப் பாருங்க" என்றார். எங்கள் முறை வர இரண்டு வருடம் ஆகும் என்றும் சொன்னார். என் கணவர் கண் விஷயத்தைச் சொன்னார். "அவசரத்துல பண்ணா அது காரா இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு மேற்படி ஷோரூமுக்குப் போனோம். கதவைத் திறந்ததுமே முதலாளியின் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. நடுக் கூடத்தில் நாங்கள் தேடிய அதே மாதிரி ஒரு சிவப்பு நகல் கார் நின்றது. என் கணவர் அடியில் படுத்துப் பார்த்தார். மஞ்சள் கோடுகள் இருந்தன. "இந்தக் கோடு இல்லாத வண்டி எங்களுக்கு வேணாம்" என்று நானே வாயைத் திறந்து சொன்னேன். "அக்கா, மஞ்சக் கோடு இல்லாம எங்க பட்டறையிலேர்ந்து எதுவும் வெளிய போகாது" என்றார் முதலாளி. கண் விஷயத்தையும் சொன்னோம். "அண்ணனுக்காகச் சீக்கிரமே முடிச்சுத் தரேன்" என்று என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நம்பிவிட்டோம்.

சொன்னபடி கார் வந்தது. என் கணவர் மறுபடி அடியில் படுத்து, கோடுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தார். மறுநாள் காலை நான் பக்கத்தில் உட்கார, பூங்காச் சாலையில் ஓட்டினார். வளைவில் அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். கார் திரும்பவில்லை. நேராகப் போய்ச் சுவரில் மோதியது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது.

அதன் பிறகு ஷோரூம் முதலாளி அங்கே வந்து, கூட்டத்துக்கும் போலீசுக்கும் முன்னால், "அண்ணனுக்குக் கண்ணு தெரியாதுங்க. அவரே என்கிட்ட சொன்னாரு. வண்டியில ஒரு குறையும் இல்ல" என்றார். நாங்கள் நம்பிச் சொன்ன விஷயம் அது. ஆயுசு முழுக்க லாரி ஓட்டி, ஒரு கீறல் விழாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்த மனுஷன், "நான்தான் லேட்டா திருப்பிட்டேன் போல" என்று முனகினார். அவர் சரியான நேரத்தில்தான் திருப்பினார், அதை நான் கண்ணால் பார்த்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லைசென்ஸை அவரே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. சிடுசிடுவை அழைத்துப் போய் நொறுங்கிய காரைக் காட்டினேன். ஸ்டீயரிங் இணைப்பில் ஒரு போல்ட் கழன்று விழுந்துபோயிருந்தது. பக்கத்துப் போல்ட்டின் தலைக்கு அடியில் இருந்த இடைவெளிக்குள் மஞ்சள் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. முறுக்காமலேயே கோடு போட்டிருக்கிறார்கள். ஷோரூம் சிவப்புக் காரைப் பற்றியும் கேட்டேன். "அது நான் பண்ணது. என்கிட்ட வாங்கினவரு அந்த ஆளுக்கு வித்துட்டாரு" என்றார்.

போல்ட் விஷயத்தை என் கணவரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. அதன் பிறகு அவரைக் கட்டாயப்படுத்தி எழுப்பி ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். எனக்குக் கார் வேண்டாம், தப்பு உங்கள் கண்ணில் இல்லை என்று இவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். முதலாளி சிரித்தார். "கண்ணு தெரியாதவருக்கு வண்டி குடுத்தேன் பாருங்க, அதான் நான் பண்ண தப்பு" என்றார். சிவப்புக் காரை உடைக்க ஜாக்கிக் கம்பியை எடுத்தேன். அது ஒழுங்காகச் செய்த கார் என்று நினைவு வந்ததும் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். பின்னாலிருந்த பட்டறையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா திறந்தே இருந்தது. எடுத்து வந்து அவர் தலையில் கவிழ்த்தேன். "மஞ்சக் கோடு இல்லாம இங்கேர்ந்து எதுவும் வெளிய போகாதுன்னீங்களே" என்றேன். கோபத்தில் செய்ததாக எழுதலாமா என்று அதிகாரி கேட்டார். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

போலீஸ் வண்டியில் வரும்போது என் கணவர், "என்ன பண்ண? நீ அந்தப் பக்கம் நின்ன, எனக்குத் தெரியல" என்றார். தலையிலிருந்து சட்டை வரை வழிந்ததைச் சொன்னேன். சுவரில் மோதிய நாளிலிருந்து சிரிக்காதவர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் சரியாத்தான் திருப்பியிருக்கேன்" என்றார்.

பெயிண்ட் கொட்டியது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் விபத்துக் குறிப்பில் 'ஓட்டியவரின் பார்வைக் குறைவால்' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, திருத்திய தாளை அவர் கையில் கொடுக்க வேண்டும். பெரிய எழுத்தில் எழுதினால் அவரே படித்துக்கொள்வார். இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)